முத்திரை என்னுடையது, கடிதம் என்னுடையது அல்ல

கொலு வைக்கிற வீடுகளில் கொண்டபள்ளி என்ற பெயர் புதிதாக இருக்காது. விஜயவாடாவுக்குப் பக்கத்தில், மரப்பொம்மைக்குப் பேர்போன ஊர். 1481 ஏப்ரல் 5 அன்று, தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தான் மூன்றாம் முகமது ஷாவின் படைப் பாளையம் அங்கே இருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் சுல்தான் குதிரைப்படையோடு காஞ்சிபுரம் வரை பாய்ந்து, கோயில் செல்வத்தைக் கொள்ளையடித்துத் திரும்பியிருந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அன்றைக்கு நன்றாகக் குடித்திருந்தார்.

தலைமை அமைச்சர் மகமூத் கவானை உடனே அழைத்து வரச் சொல்லி ஆள் போனது. ஏதோ சரியில்லை, போக வேண்டாம், இப்படியே குஜராத் பக்கம் போய்விடலாம் என்று நண்பர்கள் தடுத்தார்கள். கவான் கேட்கவில்லை. உள்ளே போனதும் சுல்தான் கேட்டார்: "உப்பிட்டவனுக்குத் துரோகம் செய்கிற ஊழியனுக்கு என்ன தண்டனை?" "வாள்தான்" என்றார் கவான். கடிதம் நீட்டப்பட்டது. ஒரிசா அரசருக்கு எழுதியது. சுல்தானின் குடியும் கொடுமையும் தாங்க முடியவில்லை, எல்லையில் காவல் இல்லை, நீங்கள் படையோடு வாருங்கள், நாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பது சாரம். அதில் கவானின் முத்திரை பதிந்திருந்தது.

"முத்திரை என்னுடையது, கடிதம் என்னுடையது அல்ல" என்றார் கவான்.

அதற்கு மேல் விசாரணை இல்லை. ஜௌஹர் என்ற அபிசீனிய அடிமைக்கு உத்தரவு போட்டுவிட்டு சுல்தான் எழுந்து உள்ளே போய்விட்டார். எழுபதைத் தாண்டிய அந்தக் கிழவரின் தலை அங்கேயே விழுந்தது.

முத்திரை எப்படி வந்தது என்பதற்கும் கதை இருக்கிறது. கவானின் முத்திரையை வைத்திருந்த ஆளோடு அவருடைய எதிரிகள் மெல்லப் பழகினார்கள். பரிசுகள் கொடுத்தார்கள். ஒருநாள் அவன் போதையில் இருக்கும்போது மடித்த தாள் ஒன்றைக் காட்டி, இது நண்பர் ஒருவரின் கணக்கு, மற்ற அதிகாரிகள் எல்லாம் முத்திரை போட்டாயிற்று, உங்கள் எஜமானுடையதுதான் பாக்கி என்றார்கள். அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் குத்திக் கொடுத்தான். வெற்றுத் தாள். எழுத்து அப்புறம் வந்தது.

இதையெல்லாம் நமக்கு இவ்வளவு விவரமாகச் சொல்பவர் பெரிஷ்டா. அவரைப் படிக்கும்போது ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். சம்பவம் நடந்து நூறு வருடத்துக்கும் மேலே கழித்து, பீஜப்பூர் அரசவையில் உட்கார்ந்து எழுதியவர் அவர். பீஜப்பூர் அரசை நிறுவிய யூசுப் அடில் கான், கவானின் வளர்ப்புப் பிள்ளைபோல இருந்தவர். பெரிஷ்டாவும் பாரசீகத்திலிருந்து வந்த குடும்பம். எதிர்த்தரப்பின் வாக்குமூலம் நம் கைக்கு வரவில்லை. அதனால் உரையாடல்களை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு பேரரசின் முதல் அமைச்சரைக் கொல்ல ஒரே ஒரு தாள் போதுமானதாக இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஏன் போதுமானதாக இருந்தது? என்னைக் குடைகிற கேள்வி அதுதான்.

பாமினி அரசு 1347இல் தொடங்கியது. தில்லியில் முகமது பின் துக்ளக் ஆண்டபோது தௌலதாபாத்தில் படைத்தலைவர்கள் கலகம் செய்து, தங்களில் ஒருவரான ஹசனை அலாவுதீன் பாமன் ஷா என்று அரியணை ஏற்றினார்கள். முதலில் குல்பர்கா தலைநகர். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பீதருக்கு மாறியது. அமைச்சர்களின் பதவிப் பெயர்களைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகவே தோன்றாது. சுல்தானுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் 'வக்கீல்'. நீதிமன்றத்தில் நமக்காகப் பேசுகிறவரைக் குறிக்கிற அதே சொல்தான். பிறருக்குப் பதிலாக நிற்பவர் என்று பொருள். அங்கே சுல்தானுக்குப் பதிலாக நின்றார். நகரக் காவலுக்குப் பொறுப்பானவர் 'கொத்தவால்'. சென்னையில் கொத்தவால் சாவடி என்ற பெயரில் அந்தப் பதவி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாடு நான்கு 'தரஃப்'களாகப் பிரிந்திருந்தது: குல்பர்கா, தௌலதாபாத், பெரார், தெலங்கானாவையும் சேர்த்து பீதர். அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு என்கிறோமே, அந்தத் தரப்புதான். திசை, பக்கம் என்று அர்த்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தரஃப்தார். படையும் வரியும் கோட்டைகளும் அவர் கையில்.

தில்லியோடு உறவு அறுந்ததும் ஒரு சிக்கல் வந்தது. வடக்கிலிருந்து புதிய வீரர்கள், எழுத்தர்கள், அறிஞர்கள் வருவது நின்றுபோனது. இடையில் மாளவமும் குஜராத்தும் பகையாக நின்றன. மிச்சம் இருந்த வழி கடல். தாபோல், சவுல் துறைமுகங்களில் அரபு, பாரசீகக் குதிரைகள் வந்து இறங்கின. கூடவே ஆட்களும் இறங்கினார்கள். ஈரான், ஈராக், மத்திய ஆசியா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். இவர்களை 'அஃபாக்கி' என்றார்கள், தொடுவானத்துக்கு அப்பாலிருந்து வந்தவர் என்கிற மாதிரி. ஏற்கெனவே ஓரிரு தலைமுறை முன்பு வடக்கிலிருந்து வந்து தக்காணத்தில் வேர்விட்டவர்களும், இங்கேயே மதம் மாறியவர்களும் 'தக்கணிகள்'. அபிசீனியர்கள் பெரும்பாலும் தக்கணிகள் பக்கம் நின்றார்கள். அஃபாக்கிகளில் பலர் ஷியா, தக்கணிகள் சன்னி என்று இதை மதப்பிரிவுச் சண்டையாகச் சுருக்கிவிடுவது வழக்கம். அது ஒரு பகுதிதான். அடிப்படையில் இது வேலைக்கான சண்டை. யாருக்கு மாகாணம், யாருக்குக் கோட்டை, யார் சுல்தானின் காதுக்குப் பக்கத்தில் நிற்பது?

சுல்தானுக்கு வெளியூர்க்காரர் ஏன் பிடித்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. வந்தவனுக்கு இங்கே மாமன் மச்சான் கிடையாது, பூர்வீக நிலம் கிடையாது, கூப்பிட்டால் ஓடிவர நூறு பங்காளிகள் கிடையாது. அவனுடைய அதிகாரம் முழுக்க சுல்தான் கொடுத்தது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

1422இல் அகமது ஷா அரியணை ஏற உதவியவர் கலஃப் ஹசன் என்ற பஸ்ராக்காரர், வியாபாரி. அவருக்கு 'மாலிக்-உத்-துஜ்ஜார்', வணிகர்களின் தலைவர், என்ற பட்டம் கிடைத்தது. அரசின் மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்று வணிகரின் பெயரால் அமைந்தது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். அந்த கலஃப் ஹசன் 1447 வாக்கில் கொங்கணக் காட்டில், வழிகாட்டுவதாகச் சொல்லி அழைத்துப்போன சிர்க்கே என்ற உள்ளூர்த் தலைவனின் வலையில் சிக்கி, படையோடு மடிந்தார். தப்பிய அஃபாக்கிகள் புனேவுக்கு அருகில் சாகன் கோட்டையில் ஒதுங்கினார்கள். இவர்கள் கலகம் செய்யப் போகிறார்கள் என்று தக்கணித் தளபதிகள் பீதருக்கு எழுதினார்கள். உள்ளேயிருந்தவர்கள் சுல்தானுக்கு அனுப்பிய கடிதங்கள் வழியிலேயே மறிக்கப்பட்டன. கொல்லச் சொல்லி உத்தரவு வந்தது. சமாதானம் என்று சொல்லி விருந்துக்கு அழைத்து வெட்டினார்கள். தப்பி ஓடிய சிலர் பீதர் சேர்ந்து உண்மையைச் சொன்னதும், அதே சுல்தான் தக்கணித் தலைவர்களைத் தண்டித்தார்.

கவனித்தீர்களா, இங்கேயும் காகிதம்தான். ஒரு பக்கத்தின் கடிதம் போய்ச் சேர்ந்தது, மறுபக்கத்தின் கடிதம் போய்ச் சேரவில்லை. தரஃப்தாரின் கடிதம் பொய்யா மெய்யா என்று சரிபார்க்க சுல்தானிடம் இருந்த ஒரே வழி, இன்னொருவரின் கடிதம்.

சாகன் கொலைகள் நடந்து ஏழெட்டு வருடத்துக்குள், 1453இல், தாபோல் துறையில் வந்து இறங்கினார் மகமூத் கவான். காஸ்பியன் கடலோரம் கிலான் அவருடைய ஊர். குடும்பமே அங்கே அமைச்சர் பதவிகளில் இருந்தது. அரண்மனைச் சூழ்ச்சியில் உயிருக்கு ஆபத்து வரும் என்று பயந்து, அரசு வேலையே வேண்டாம் என்று வியாபாரத்தில் இறங்கியவர் என்கிறார்கள். நாற்பதைக் கடந்த வயது. பீதரில் ஒரு சூஃபி பெரியவரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவரை சுல்தான் இரண்டாம் அலாவுதீன் அகமது விடவில்லை. ஆயிரம் குதிரைவீரர்களுக்குத் தலைமை கொடுத்து நிறுத்திக்கொண்டார். அடுத்து வந்த ஹுமாயூன், கொடுங்கோலன் என்றே பேர் வாங்கியவர், கவானுக்கு மாலிக்-உத்-துஜ்ஜார் பட்டத்தைக் கொடுத்தார்.

1461இல் ஹுமாயூன் இறந்தபோது வாரிசு எட்டு வயதுப் பையன். நாட்டை நடத்தியது மூவர்: ராஜமாதா, குவாஜா ஜஹான் துர்க் என்ற மூத்த அமைச்சர், கவான். இரண்டே வருடத்தில் அந்தப் பையனும் போய், தம்பி மூன்றாம் முகமது அரியணை ஏறினான்; அவனும் சிறுவன்தான். குவாஜா ஜஹானின் கை ஓங்கிக்கொண்டே போனது. 1466 வாக்கில் ராஜமாதாவின் ஏற்பாட்டில், திறந்த தர்பாரிலேயே அவரை வெட்டிச் சாய்த்தார்கள். அமைச்சரை வேலையை விட்டு நீக்க அந்த அரசில் வேறு முறையே வளரவில்லை. அவருடைய இடமும், குவாஜா ஜஹான் என்ற அவருடைய பட்டமும் கவானுக்கு வந்தன. அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளும்போது கவானுக்கு என்ன தோன்றியிருக்கும்?

அடுத்த பதினைந்து வருடம் அவர் காலம். கொங்கணத்தில் ஏறக்குறைய மூன்று வருடம் மலைக்கோட்டைகளோடு மல்லுக்கட்டி, 1472இல் விஜயநகரத்திடமிருந்து கோவாவைப் பிடித்தார். குதிரை இறங்கும் துறைமுகம். விஜயநகரத்துக்கு அது பெரிய அடி. கிழக்கே ராஜமகேந்திரம் வரை எல்லை விரிந்தது. மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரை பாமினி அரசு அதற்கு முன்னால் நீண்டதில்லை.

கோவாவிலிருந்து வெற்றியோடு திரும்பியபோது சுல்தான் ஒரு வாரம் கவானின் வீட்டில் வந்து தங்கினார். தன் உடையையே போர்த்தினார். ராஜமாதா "அண்ணா" என்று அழைத்தார். எல்லாரும் போன பிறகு கவான் அறையைச் சாத்திக்கொண்டு, அந்த உடையைக் கழற்றிவிட்டு அழுதாராம். பிறகு அறிஞர்களைக் கூப்பிட்டுத் தன் நகைகளையும் பணத்தையும் பங்கிட்டுக் கொடுத்தார். புத்தகங்களையும் குதிரை, யானைகளையும் மட்டும் ஏன் வைத்துக்கொண்டீர்கள் என்று ஒருவர் கேட்டார். புத்தகம் மாணவர்களுடையது, குதிரையும் யானையும் சுல்தானுடையவை, என்னிடம் இரவலாக இருக்கின்றன என்று பதில் வந்தது. பெரிஷ்டா சொல்லும் இன்னொரு விவரம்: கவான் கொண்டுவந்த முதல் 'லாரி' என்ற வெள்ளிக்காசு 40,000; அதை வியாபாரத்தில் போட்டு, அந்த லாபத்தில்தான் சொந்தச் சாப்பாடு, மண்பானையில் சமையல், பாயில் படுக்கை.

இதே காலத்தில் ஒரு ருஷ்ய வியாபாரி பீதருக்கு வந்திருந்தார். அஃபனாசி நிகிதின். ஒரு குதிரையை விற்க வந்து படாத பாடு பட்டவர். அவர் குறிப்பில் கவான் 'மெலிக்துச்சார்' ஆக வருகிறார். அவருடைய பந்தியில் தினமும் 500 பேர் சாப்பிடுகிறார்கள். லாயத்தில் 2000 குதிரைகள். அதில் ஆயிரம் இரவும் பகலும் சேணம் பூட்டியே நிற்கின்றன. நூறு யானைகள். ராத்திரி காவலுக்கு ஆயுதம் ஏந்திய நூறு பேர். பிரபுக்கள் வெள்ளிக் கட்டிலில் தூக்கிச் செல்லப்படுகிறார்கள், நாட்டுப்புறத்து ஜனங்கள் மிகவும் வறியவர்கள் என்றும் எழுதுகிறார்.

பாயில் படுக்கையா, ஐந்நூறு பேர் பந்தியா? இரண்டும் உண்மையாக இருக்கலாம். பந்தியும் லாயமும் பதவியின் சொத்து. பதவி போனால் மறுநாளே சுல்தானின் கஜானாவுக்குத் திரும்பிவிடும். கவான் அதைத் தெரிந்தே வாழ்ந்தார்.

சரி, எதிரிகள் இவ்வளவு மூர்க்கமாக ஏன் திரண்டார்கள்? காரணம் அவர் செய்த நிர்வாக மாற்றங்கள். பள்ளிப் பாடத்தில் இரண்டு வரியில் கடந்துபோகிற விஷயம் இது, ஆனால் அவருடைய உயிரை எடுத்தது இதுதான். நான்கு தரஃப்களையும் எட்டாக உடைத்தார். பெரார் இரண்டு, தௌலதாபாத் இரண்டு, குல்பர்கா இரண்டு, தெலங்கானா இரண்டு. தரஃப்தாருக்கு இனி ஒரே ஒரு கோட்டைதான் சொந்தப் பொறுப்பு. மற்றக் கோட்டைகளுக்கு கில்லேதார்களை, அதாவது கோட்டைத் தலைவர்களை, பீதர் நேரடியாக நியமிக்கும். ஒவ்வொரு தரஃபிலும் சில நிலப்பகுதிகளின் வருமானம் நேராக சுல்தானுக்கு. நிலத்தை அளந்து வரி நிர்ணயம். 500 வீரர்களை வைத்திருக்கும் தளபதிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ஹுன் (நாம் வராகன் என்கிற பொன்காசு) இருந்ததை ஒன்றேகால் லட்சமாக உயர்த்தினார். ஆனால் ஆட்கணக்கில் குறைந்தால், குறைந்த அளவுக்குப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பட்டியலில் ஐந்நூறு, களத்தில் முந்நூறு என்று காலம் ஓட்டியவர்களுக்கு இந்த ஒரு விதி எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

நியமனங்களில் கவான் இரு பக்கத்துக்கும் இடம் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். யூசுப் அடில் கானுக்கு தௌலதாபாத் என்றால், தக்கணிகள் பக்கம் நின்ற ஃபதுல்லா இமாத்-உல்-முல்குக்கு பெராரின் ஒரு பாதியான காவில், அபிசீனியர் குதாவந்த் கானுக்கு மறு பாதியான மாஹூர். தெலங்கானாவில்தான் முள் தைத்தது. அங்கே தரஃப்தாராக இருந்தவர் நிஜாம்-உல்-முல்க் மாலிக் ஹசன். விஜயநகரப் பகுதியைச் சேர்ந்த பிராமணக் குடும்பத்தில் பிறந்து, போரில் பிடிபட்டு, அரண்மனையில் வளர்ந்து மேலே வந்தவர். ஒரிசாவோடு சண்டை போட்டு எல்லையை விரித்ததில் அவருக்குப் பங்கு உண்டு. முழுத் தெலங்கானாவும் தனக்கு என்று இருந்தவருக்கு ராஜமகேந்திரம் பாதி மட்டும் மிஞ்சியது. மகன் அகமதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள விடாமல், தூரத்தில் குதாவந்த் கானுக்குக் கீழே அனுப்பினார்கள். மாலிக் ஹசன் பக்கமிருந்து பார்த்தால் கோபம் நியாயமாகக்கூடத் தெரியலாம்: நேற்றுக் கப்பலில் வந்த வியாபாரி, இந்த மண்ணில் பிறந்தவனின் கையை வெட்டுகிறான்.

யூசுப் அடில் கான் பாளையத்தில் இல்லாத சமயம் பார்த்து அந்தத் தாள் சுல்தானின் கைக்குப் போனது.

தலை விழுந்ததும் சுல்தான் கேட்ட முதல் விஷயம், செல்வம் எங்கே? கணக்கர் இரண்டு பெட்டகங்களைக் காட்டினார். சுல்தானின் பெட்டகம் என்று பெயரிட்டதில் படைக்கும் யானைக்குமான பணம். ஏழைகளின் பெட்டகத்தில் 300 லாரி. வேறு எதுவும் இல்லை. அப்போதுதான் சுல்தானுக்கு உறைத்தது என்கிறார் பெரிஷ்டா. உடலை மரியாதையோடு பீதருக்கு அனுப்பினார்கள். ஒரு கவிஞர் பாரசீகத்தில் ஒற்றை வரி எழுதினார்: "பீ குனஹ் மஹ்மூத் காவான் ஷுத் ஷஹீத்", குற்றமற்ற மகமூத் கவான் உயிர்த்தியாகி ஆனார். அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. இந்த வரியின் எழுத்துகளைக் கூட்டிப் பாருங்கள்: 886. ஹிஜ்ரி 886, அவர் கொல்லப்பட்ட ஆண்டு. தீர்ப்பையும் தேதியையும் ஒரே வரியில் முடிந்து வைத்துவிட்டார்.

பீதரில் கவான் 1472இல் கட்டிய மதரஸா இன்றும் நிற்கிறது, பாதி. மூன்று மாடி, நீலமும் பச்சையுமாக ஓடு பதித்த முகப்பு, உள்ளே 3000 கையெழுத்துச் சுவடிகள் என்று இருந்த கட்டடம். ஔரங்கசீப்பின் ஆட்கள் அதில் வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருந்தபோது 1696இல் வெடித்து ஒரு பக்கம் போய்விட்டது. மிஞ்சிய ஒற்றை மினாரில் அந்த ஓடுகள் கொஞ்சம் ஒட்டியிருக்கின்றன.

கொலைக்கு அடுத்த நாட்கள்தான் பாமினி அரசின் உண்மையான முடிவு என்று நினைக்கிறேன். ஃபதுல்லாவும் குதாவந்த் கானும் சதியில் சேராதவர்கள், கவானின் ஆட்களும் இல்லை. அவர்கள் தங்கள் படைகளோடு சுல்தானின் பாளையத்திலிருந்து விலகிப் போய்த் தனியே கூடாரம் அடித்தார்கள். அழைத்தும் வரவில்லை. கவானுக்கே இந்த கதி என்றால் எங்களுக்கு என்ன உத்தரவாதம் என்றார்கள். யூசுப் திரும்பியதும் அவரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். சுல்தான் கேட்டதைக் கொடுத்தார். யூசுப்புக்கு பீஜப்பூர் கிடைத்தது. அதன் பிறகு சலாம் வைத்தபோதுகூடத் தங்கள் வீரர்கள் சூழ, எட்ட நின்றுதான் வைத்தார்கள். 1482 மார்ச்சில் சுல்தான் இறந்தார். மாலிக் ஹசன் ஆசைப்பட்ட முதல் அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். 1486இல் அவரும் பீதரிலேயே கொல்லப்பட்டார். அவர் மகன் அகமதுவின் வழியில் அகமதுநகர், யூசுப் வழியில் பீஜப்பூர், ஃபதுல்லா வழியில் பெரார், பிறகு கோல்கொண்டா. பீதரில் காசிம் பரீத் குடும்பம். ஐந்து அரசுகளும் பழைய அமைச்சர்களும் தரஃப்தார்களும் எழுப்பியவை.

பாமினி வம்சத்தில் கடைசியாக அரியணையில் இருந்தவர் கலிமுல்லா, பரீத் குடும்பத்தின் கையில் ஏறக்குறையக் கைதி. 1526இல் பாபர் தில்லியைப் பிடித்த செய்தி வந்தபோது கலிமுல்லா அவருக்கு ரகசியமாக ஒரு கடிதம் அனுப்பினார். படையோடு வந்து என்னை மீட்டால் பெராரையும் தௌலதாபாத்தையும் தருகிறேன் என்று. விஷயம் அமீர் பரீதுக்குத் தெரிந்துவிட, மறு வருடம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பீஜப்பூருக்கு ஓடினார். இந்தக் கடிதத்தை யாரும் போலியாகத் தயாரிக்கவில்லை.